மூன்றாவது பெயர்

இந்த வருடமும் தப்பித்துவிடலாம் என்றுதான் மெற்றில்டா நினைத்திருந்தாள்.

வாவிக்கரைக் கோவிலின் ஞாயிறு மறைப்பள்ளியில் பத்து வருடமாக அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். வார நாட்களில் உப தபால் கந்தோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் பூசை முடிந்த கையோடு கொட்டிலுக்குள் இருபது பிள்ளைகள். நோவாவின் பேழை, யோனாவை விழுங்கிய மீன், கானாவூர்க் கலியாணம் எல்லாம் அவள் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள். ஒரு பாடத்தை மட்டும் அவள் தொடுவதில்லை. மூவொரு கடவுள் பெருவிழா அன்று நடத்துகிற பாடம் அது. கடவுள் ஒருவர்; ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள். அந்த ஞாயிறு வந்தால் மெற்றில்டாவுக்குத் தலையிடிக்கும், இல்லையென்றால் ஆரையம்பதியில் புருஷன் வீட்டுப் பக்கம் ஏதாவது அலுவல் வந்துவிடும். றீற்றா ரீச்சர் முகம் கோணாமல் அந்த வகுப்பை எடுத்துக்கொடுப்பாள். இந்த முறை றீற்றா மகளுடைய பிரசவம் பார்க்கக் கட்டாருக்குப் போய்விட்டாள்.

பெருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், பிள்ளைகள் கலைந்துபோன பிறகு, பாதர் திவாகரன் கொட்டிலுக்கு வந்தார். முப்பத்தொரு வயது. பங்குக்கு வந்து எட்டு மாதம்தான். கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் அங்கியின் கையை மடித்துவிட்டு, பிள்ளைகள் இருக்கிற குட்டை வாங்கிலேயே உட்கார்ந்தார்.

"ரீச்சர், வாற ஞாயிறு நீங்கதான் எடுக்கணும். வேற ஆளில்ல."

"ஏலாது பாதர்."

"ஏன்?"

"எனக்கு விளங்காத பாடம்."

பாதர் சிரித்துவிட்டார். "விளங்கின ஆக்கள் ஆரும் இருந்தா எனக்கும் சொல்லச் சொல்லுங்க. நாலு நாளாப் பிரசங்கம் எழுதிக் கிழிச்சுக்கொண்டிருக்கன். வருசத்தில நான் பயப்படுற ஒரே பிரசங்கம் இதுதான்."

அவர் உண்மையாகவே சலித்துப் போயிருந்தார் போல. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று சொல்லத் தொடங்கினார். செமினறியில் படிக்கிற காலத்தில் ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றும் ஒன்றுதானே என்று உதாரணம் சொல்லிப் பேராசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறார். ஐஸ் உருகினால்தான் தண்ணீர். தண்ணீர் ஆன பிறகு ஐஸ் இல்லை. கடவுள் அப்படி வேஷம் மாற்றுகிறவர் இல்லையே. பிறகு நுங்கை யோசித்தாராம். ஒரு காய், மூன்று கண்.

"அதுவும் சரிவராது ரீச்சர். நுங்கில ஒரு கண்ணத் தோண்டித் திண்டா ரெண்டு மிச்சம். கடவுள் அப்பிடிப் பங்கு போடுற சாமானோ? ஒராள எடுத்துப்போட்டு மற்ற ரெண்டு பேரையும் வச்சிருக்க ஏலுமோ?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மெற்றில்டா கையிலிருந்த பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தை மேசையில் வைத்தாள்.

"பாதர், ஒராளக் கூப்பிடாம விட்டா?"

"எப்பிடி?"

"ரெண்டு பேரக் கூப்பிட்டுட்டு, மூண்டாவது ஆளக் கூப்பிடாம விட்டா, அது என்ன?"

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பதினொரு வருடம் ஒருவருக்கும் சொல்லாததை அந்தக் குட்டை வாங்கில் இருந்தபடி சொன்னாள்.

இப்போது இருக்கிற மகன் நிலோஜனுக்கு முதல் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஏழு மாதத்தில், வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. அவளுடைய கையால் ஒரு முழம்கூட இருக்கவில்லை. குறைமாதப் பிள்ளைகளை வைக்கிற அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவில் படுத்திருந்தது. இரண்டாம் நாள் காலையில் ஷஸ்னா மிஸ்ஸி மெற்றில்டாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அங்கே போனார். காத்தான்குடிக்காரி. அந்த அறைத் தாதிகளில் மூத்தவர். பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்து காதுக்குள் சொன்னார்.

"தங்கச்சி, மனசத் தைரியமா வச்சுக்கங்க. புள்ளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஒங்கட ஆக்கள் புள்ளைக்குத் தண்ணி ஊத்தி ஓதுவாங்கதானே? செய்யிறதெண்டா இப்ப செய்ங்க."

கொதித்தாறிய தண்ணீரைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்து பிடித்தவரும் அவர்தான். மெற்றில்டா பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டாள். மிஸ்ஸி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மெற்றில்டா சொல்லப்போவது அவருடைய மார்க்கத்துக்கு ஒத்துவராத வார்த்தை. ஆனால் கிண்ணத்தைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

"பிரஷாந்தி, நான் உனக்கு ஞானஸ்நானம் தாறன்" என்று மெற்றில்டா சொன்னாள். அந்தப் பெயரை அந்த நொடியில்தான் வைத்தாள். பயத்தில் புதிய செபப் புத்தகத்துச் சொற்கள் வாயில் வரவில்லை. சின்ன வயதில் பழகிய சொற்கள்தான் வந்தன. பிதாவின் பெயராலும் என்று ஒரு துளி விட்டாள். சுதனின் பெயராலும் என்று இன்னொரு துளி. அந்த நேரம் பெட்டிக்கு மேலே இருந்த இயந்திரம் கத்தத் தொடங்கியது. டொக்டர் ஓடிவந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். அவள் கை துவாரத்துக்கு வெளியே வந்தது. கதவு மூடியது. தையல் வலியிலும் அதிர்ச்சியிலும் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி அந்த அறைக்குள் அவளை விடவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

மூன்றாவது பெயர் அவள் தொண்டைக்குள்ளேயே நின்றது.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புருஷன் யோகராசாவின் தாய் புஸ்பம், பேத்தியை ஆரையம்பதிக்குக் கொண்டுபோய்த் தங்கள் முறைப்படி அடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதா. யோகராசாவின் ஆட்கள் சைவம். கலியாணத்துக்குப் பிறகும் அவன் சைவமாகத்தான் இருந்தான். மெற்றில்டா விடவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது, கோவில் சேமக்காலையில்தான் வைக்க வேண்டும் என்றாள். அப்போதிருந்த வயதான பாதர் வந்து, "முழுக்கச் சொன்னியா மகள்?" என்று கேட்டார். "ஓம் பாதர், முழுக்கச் சொன்னன்" என்றாள். யோகராசா தாயோடு முரண்பட்டுப் பெண்சாதி பக்கம் நின்றான். அதன் பிறகு புஸ்பம் இரண்டு வருடம் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நிலோஜன் பிறந்துதான் வந்தா.

"நான் சொன்ன பொய்யால தாயும் மகனும் பிரிஞ்சு இருந்தாங்க பாதர். அது ஒண்டு. என்ட பிள்ள அரைகுறையாப் போச்சு. அது ஒண்டு. சிலுவை அடையாளம் போடக்குள்ள ஒவ்வொரு தரமும் மூண்டாவது பேர் வாற இடத்தில எனக்குக் குரல் விழுந்துபோகும். பிள்ளைகளுக்கு முன்னால நிண்டு அந்தப் பாடத்த நான் எப்பிடி எடுக்கிறது?"

பாதர் திவாகரன் காற்றில் பறந்த தாள்களை எடுத்துக் கல்லுக்கு அடியில் வைத்தார்.

"ரீச்சர், கேட்டதுக்கு மழுப்பாமச் சொல்றன். சட்டப்படி பாத்தா, மூண்டு பேரும் முழுக்கச் சொல்லாட்டித் திருச்சபை அத ஞானஸ்நானம் எண்டு எழுதாது. அது ஒரு பக்கம். ஆனா கடவுள் தன்ட இரக்கத்தச் சடங்குக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கேல்ல. ஞானஸ்நானம் இல்லாமப் போற பிள்ளைகளை அந்த இரக்கத்திட்டத்தான் திருச்சபையும் ஒப்படைக்குது."

அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

"மறுகா, நீங்க கேட்டீங்களே, ஒராளக் கூப்பிடாம விட்டா எண்டு. மூண்டு வீட்டுக்குக் கலியாணக் காட் குடுக்கப் போய் ஒரு வீட்ட மறந்த மாதிரி நினைக்கிறீங்க. அவர் கோவிச்சுக்கொண்டு வராம நிண்டுட்டார் எண்டு. அப்பிடி இல்ல ரீச்சர். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில இருக்கிற அன்புதான் தூய ஆவி எண்டு படிச்சவங்க சொல்லியிருக்காங்க. தகப்பனையும் மகனையும் கூப்பிட்டா, அவங்க அந்த அன்ப வீட்டில விட்டுட்டு வருவாங்களா? ஒராள் வந்த இடத்தில மூண்டு பேரும் நிப்பாங்க. நீங்க எத்தினை பேர் சொன்னீங்க எண்டதில அவங்கட எண்ணிக்கை குறையாது."

மெற்றில்டா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாதர் எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாவியைப் பார்த்தபடி நின்றார். அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. முழுக்க இல்லை. நெஞ்சில் கிடந்த கல் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அதைச் சுற்றி இறுகிக் கிடந்த மண் மட்டும் இளகியது போல.

"உங்கட அவருக்கு இது தெரியுமா?" என்று பாதர் திரும்பாமலே கேட்டார்.

"தெரியாது."

"அவருக்குச் சொல்லுங்க. தாயோட அவர் முரண்பட்டதெண்டு சொல்றீங்க. முதல்ல அவருக்குத் தெரியவேணும்."

மூன்று நாள் அவள் சொல்லவில்லை. வீட்டில் நிலோஜன் இருந்தான். அல்லது யோகராசா வேலைக் களையில் வந்து விழுந்து தூங்கினான். அல்லது அவளுக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கல்முனை பஸ் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கித் துறைக்கு நடந்தாள்.

யோகராசாவுக்குப் பாதையில் வேலை. வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற இரும்புத் தட்டைக்கு அந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். கோணாமலை அண்ணன் இயந்திரத்தை ஓட்டுவார். யோகராசா கயிறு கட்டுவான், பலகை போடுவான், மோட்டார் சைக்கிள்களை நெருக்கி நிறுத்துவான். மெற்றில்டாவைக் கண்டதும் கையில் இருந்த கயிற்றோடு அப்படியே நின்றான்.

"என்ன? மகனுக்கு ஏதும் நடந்ததா?"

"இல்ல. சும்மாதான் வந்தன்."

"சும்மாவா? வேலை நாளில?"

அக்கரைக்குப் போகிற போது பேச முடியவில்லை. ஒரு உழவு இயந்திரம், பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள், பள்ளி விட்ட பெட்டைகள். அம்பிளாந்துறையில் எல்லாரும் இறங்கினார்கள். திரும்புகிற போது வெய்யில் கொளுத்தியதாலோ என்னவோ, ஏறியது இரண்டு பேர்தான். அவர்களும் முன்பக்கம் நிழலுக்குப் போய்விட்டார்கள். யோகராசா பின்பக்கம் கயிற்றுச் சுருளில் அவளுக்கு இடம் விட்டுத் தான் தகட்டில் உட்கார்ந்தான்.

இயந்திரச் சத்தத்தில் மெல்லச் சொல்ல வழியில்லை. பதினொரு வருடம் ஒளித்து வைத்ததை அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பிரஷாந்திக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கேல்ல!"

"என்ன?"

"நான் முடிக்கேல்ல! ரெண்டு பேர்தான் சொன்னன்! உங்களுக்கும் பாதருக்கும் பொய் சொன்னன்! மாமியோட நீங்க சண்டை பிடிச்சது என்ட பொய்யால!"

சொல்லிவிட்டு அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதைக்குப் பின்னால் தண்ணீர் நுரைத்து விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தாள். இல்லையென்றால், அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து முன்பக்கம் போய்விடுவான். அது இன்னும் மோசம்.

யோகராசா அவளுக்கு இன்னும் கிட்ட அரக்கி வந்தான். வாயை அவள் காதுப் பக்கம் வைத்துச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள்.

"நான் கதவடியில நிண்டனான். கண்ணாடிக்கு அங்கால. நீ கதைச்சதும் கேட்டது, உன்ன இழுத்ததும் கண்டனான். நீ முடிக்கேல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா மாமியோட…"

"பொறு. கேளு." அவன் தொண்டையைச் செருமினான். சொல்வதற்கு அவனும் கஷ்டப்படுகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "உன்ன வாட்டுக்குக் கொண்டுபோன பிறகு மிஸ்ஸி என்ன உள்ளுக்கு விட்டவ. தகப்பன் கொஞ்ச நேரம் நிக்கட்டும் எண்டு டொக்டரிட்டக் கேட்டு விட்டவ. கிண்ணம் அங்கதான் இருந்தது. தண்ணியும் இருந்தது. நான் மிஸ்ஸியிட்டக் கேட்டன், என்ட பெண்சாதி அரைவாசியில விட்டுட்டுப் போனத நான் செய்யலாமா எண்டு. அதுக்கு அவ, 'நீங்கதானே வாப்பா, செய்ங்க' எண்டா."

மெற்றில்டாவின் கை அவன் முழங்கையைப் பிடித்தது.

"உன்ட அண்ணன்ட மகனுக்குக் கோவிலில ஞானஸ்நானம் குடுக்கக்குள்ள என்னத்தானே வீடியோ எடுக்கச் சொன்னவங்க? அந்த வீடியோவ உன்ட அம்மா எத்தினை தரம் போடச் சொன்னவ! எனக்கு அது பாடம். பாதர் சொன்ன மாதிரியே சொன்னன். பிரஷாந்தி, பிதாட பேராலயும், சுதன்ட பேராலயும், பரிசுத்த ஆவிட பேராலயும் நான் உனக்கு ஞானஸ்நானம் தாறன் எண்டு. மூண்டு தரம் தண்ணி விட்டன். நெத்தியில. அவள் கண்ண மூடித்தான் கிடந்தாள். மூண்டாந் தரம் ஊத்தக்குள்ள வாயச் சப்புற மாதிரி ஒருக்கா அசைச்சாள்."

பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒருவர் தோணியில் நின்றபடி வலை வீசினார். வலை விரிந்து விழுந்ததை மெற்றில்டா பார்த்தாள். அது அவள் மனதில் பதியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டாள். கத்தவில்லை. ஆனால் அவனுக்கு விளங்கியது.

"எப்பிடிச் சொல்றது? நீ முழுக்கச் சொன்னன் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருந்தாய். அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நிண்டாய். நான் வாயத் திறந்தா, நீ முடிக்கேல்ல எண்டல்லவா முதல்ல சொல்லணும்? அந்த நேரம் உன்னிட்ட அதச் சொல்ல ஏலுமா?"

"பிறகாலும்…"

"பிறகு பயம்." அவன் கையை உடுத்திருந்த சாரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தான். "அண்டைக்கு விடியத்தான் அம்மா கோவிலுக்குப் போய்ப் பிள்ளைட பேரில அருச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து எனக்குப் பூசிவிட்டவ. நெத்தி நிறையத் திருநீறோடதான் நான் அதச் செய்தன். சைவக்காரன் செய்ததால பழுதாப் போச்சோ, உங்கட கடவுளுக்குக் குற்றமாப் போச்சோ, எங்கட கடவுளுக்கும் குற்றமாப் போச்சோ எண்டு ஒரே யோசினை. உனக்குத் தெரிஞ்சா, நீ குடுத்ததையும் நான் கெடுத்துப்போட்டன் எண்டு நினைப்பாய் எண்டு பயந்தன். அதான் சொல்லாம இருந்துட்டன்."

பாதை கரையை நெருங்கியதைக் கோணாமலை அண்ணன் இரண்டு முறை கூவிச் சொல்லியும் யோகராசா எழும்பவில்லை. மூன்றாம் முறை அவர் கெட்ட வார்த்தை சேர்த்துக் கூவினார். அவன் எழுந்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். கண்களைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டே முடிச்சுப் போட்டான். மெற்றில்டா இருந்த இடத்திலேயே இருந்தாள். அன்று பின்னேரம் வேலை முடியும் வரை அவள் இறங்கவில்லை. அக்கரைக்கும் இக்கரைக்குமாக நாலு முறை போய்வந்தாள். கோணாமலை அண்ணன் அவளிடம் ஒன்றும் கேட்காமல் தன்னுடைய பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் பாதரிடம் போனார்கள். யோகராசா கோவில் பக்கம் வருவது மார்கழி நத்தாருக்கும் சேமக்காலைத் திருநாளுக்கும்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நடந்ததை மெற்றில்டாதான் சொல்லத் தொடங்கினாள். பாதர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"அவரே சொல்லட்டும். தண்ணி ஊத்தினீங்களா?"

"ஓம்."

"மூண்டு பேரும் சொன்னீங்களா? என்ன சொன்னீங்களோ, அப்பிடியே சொல்லுங்க."

யோகராசா சொன்னான். குற்றப் பத்திரத்துக்குப் பதில் சொல்கிறவனைப் போல நிமிர்ந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

"என்னத்துக்காகச் செய்தீங்க?"

"கோவிலில பாதர்மார் என்னத்துக்குச் செய்வாங்களோ அதுக்குத்தான். எனக்கு அதுட அர்த்தமெல்லாம் தெரியாது. மகளுக்கு அது கிடைக்கணும் எண்டு இவள் ஆசைப்பட்டவள். நானும் ஆசைப்பட்டன்."

பாதர் திவாகரன் கதிரையில் சாய்ந்துகொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. கண் வேறு கலங்கியிருந்தது.

"ஐயா, ஆபத்து நேரத்தில ஆரும் குடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாத ஆளும் குடுக்கலாம். தண்ணி வேணும், அந்தச் சொல் வேணும், திருச்சபை செய்யிறத நானும் செய்யிறன் எண்ட நினைப்பு வேணும். உங்களிட்ட மூண்டும் இருந்திருக்கு. இது என்ட யோசினை இல்ல. எத்தினையோ நூறு வருசமாத் திருச்சபை சொல்லிவாறது. உங்கட மகள் பிரஷாந்திக்கு முழு ஞானஸ்நானம் கிடைச்சிருக்கு. சேமக்காலையில அவள் சரியான இடத்திலதான் படுத்திருக்கிறாள்."

"திருநீறு பூசியிருந்தன் பாதர்."

"பூசியிருந்தா என்ன? தண்ணி பிள்ளைட நெத்தியிலதானே விழுந்தது?"

யோகராசாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மெற்றில்டாவைப் பார்த்தான், பாதரைப் பார்த்தான், பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அங்கிருந்த கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்ப நான் இப்ப என்ன ஆள் பாதர்? சைவமா, வேதக்காரனா?"

"நீங்க ஆரையம்பதி யோகராசாதான். அதில ஒரு மாற்றமும் இல்ல."

"எனக்கு இந்த மூண்டும் ஒண்டும் எண்டுற விசயம் விளங்காது."

"எனக்கும் முழுக்க விளங்காது ஐயா. ஒண்டு மட்டும் கொஞ்சம் விளங்குது. கடவுள் தனியன் இல்ல. ஒராள மற்றாள் விட்டுட்டு இருக்க ஏலாத மாதிரித்தான் அவர் எப்பவும் இருக்கிறார். ஒராள் முடிக்காததச் சொல்லாமக் கொள்ளாம மற்றாள் முடிச்சுவச்ச ஒரு வீட்ட இண்டைக்குத்தான் காணுறன். என்ட பிரசங்கத்துக்கு இதச் சொல்லலாமா எண்டு கேக்க ஆசையாக் கிடக்கு. கேக்க மாட்டன்."

"கேக்க வேண்டாம்," என்றாள் மெற்றில்டா. மூன்று பேரும் சிரித்தார்கள். பழைய பாதரிடம் சொன்ன பொய்க்காக அவள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள். பாதர் யோகராசாவை வெளியே மாமர நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு அவளைக் கோவிலுக்குள் கூட்டிப்போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆரையம்பதிக்குப் போவோம் என்று சொன்னவளும் அவள்தான். புஸ்பம் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தா. மெற்றில்டா நடந்த எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். புஸ்பம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சவர்க்கார நுரைக் கையோடு மகனின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினா.

"நான் பூசிவிட்ட திருநீறோடயா செய்தாய்?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ட பேத்திக்கு நானும் ஏதோ செய்திருக்கன்," என்றா. பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "இதையா புள்ள இவ்வளவு காலமும் வயித்துக்குள்ள வச்சிருந்தாய்? சோறு எப்பிடி இறங்கினது உனக்கு? உள்ளுக்கு வா, றால் கறி கிடக்கு," என்றா.

மெற்றில்டா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் பாயில் சரிந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நிலோஜன் இரண்டு முறை வந்து அம்மாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டான். யோகராசா அவனை வெளியே கூட்டிப்போய், அக்காவின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். அக்கா வாயைச் சப்பின இடத்தை நிலோஜன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

மறுநாள் ஞாயிறு, பூசைக்கு முதலாம் மணி அடிக்கிற போதுதான் மெற்றில்டா கண் விழித்தாள். வெளியே வெளிச்சம் வந்திருந்தது. வகுப்புக்கு ஒரு வரியும் ஆயத்தம் செய்யவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் பதற்றம் வரவில்லை. தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். முகம் கழுவித் தலையை வாரினாள். குசினியில் யோகராசா புட்டு அவித்துக்கொண்டிருந்தான்.

"நேரம் போச்சு, திண்டுட்டுப் போ," என்றான்.

"நீங்களும் வாங்களன்," என்றாள் மெற்றில்டா.

அவன் புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டு, கோவிலுக்கு எந்தச் சேட்டுப் போடலாம் என்று உள்ளே போய்ப் பார்த்தான்.